கைதட்டலில் நிறைவேறும் கணக்குகள்

தம்பி, கல்லடியில் நண்பர் வீட்டு முற்றத்தில் நள்ளிரவுப் போட்டி முடிந்த பிறகும் விடியும்வரை நீண்ட வாக்குவாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உதைபந்தாட்டத்தைக் கெடுப்பவர்கள் முகாமையாளர்களும் முகவர்களும்தான் என்கிறார் ஒருவர். எல்லாக் கேட்டுக்கும் வேர் உலக உதைபந்தாட்டத்தை ஆளும் பீபாவில் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். பணத்தைக் கொட்டுவது ரசிகர்கள்தானே, ஆகவே நாம்தான் குற்றவாளிகள் என்று மூன்றாமவர் இரு பக்கத்தாரையும் வாயடைக்கப் பார்த்திருக்கிறார். "சேர், யார் சொல்வது சரி? இவர்களைப் பதில் சொல்ல வைக்க யாரால் முடியும்? மட்டக்களப்பில் இருக்கும் நாங்கள் இதில் என்ன செய்ய முடியும்?" என்பது உங்கள் கேள்வி.

பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மத்தியஸ்தராக ஓடியிருக்கிறேன். ஊர்க் கழகமொன்றுக்குச் சில காலம் பொருளாளராகவும் இருந்தேன். முதல் இரண்டும் மகிழ்ச்சி தந்த வேலைகள். இந்த விளையாட்டு எந்த இடத்தில் பழுதுபடுகிறது என்பதைக் காட்டித் தந்தது மூன்றாவது வேலை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலஞ்சம் வாங்கியவர் யார் என்று கேட்டதோடு நிற்காதீர்கள். அவருக்குப் பதவி கொடுத்த வாக்கு யாருடையது, அவருடைய கணக்கைப் பார்க்க வேண்டியவர் யார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பீபாவின் தலைமையகம் இருக்கும் சூரிச் நகரில் தொடங்கி உங்கள் ஊர் வாசிகசாலையில் வந்து நிற்பீர்கள்.

முகாமையாளர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் அணி முகாமையாளர் என்றால் வான் பிடிப்பவர், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிவைப்பவர், பையன்களின் அடையாள அட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பவர். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு நீண்ட காலமாக வேறு பொருள் இருந்தது. அணியைத் தெரிவுசெய்வதும் பயிற்சி கொடுப்பதும் எந்த வீரரை என்ன விலைக்கு வாங்குவது என்று தீர்மானிப்பதும் ஒரே ஆளின் கையில் இருந்தன. வீரரை விற்க வரும் முகவர் அந்த ஒரு கையைப் பிடித்தால் போதும். ஆர்சனல் கழகத்துக்கு 1989இலும் 1991இலும் லீக் வெற்றியைப் பெற்றுக்கொடுத்த ஜோர்ஜ் கிரஹாம், 1995 பெப்ரவரியில் வேலையிழந்தது இப்படித்தான். ரூனே ஹாகே என்ற நோர்வே முகவரிடமிருந்து 425,000 பவுண் அவருக்குப் போயிருந்தது. தான் கேட்காமலே வந்த அன்பளிப்பு என்றார். பணத்தை வட்டியோடு கழகத்திடம் ஒப்படைத்தார். ஓர் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. தடை முடிந்த 1996இல் லீட்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

சாம் அலர்டைஸ் இங்கிலாந்து தேசிய அணியின் முகாமையாளராக இருந்தது 67 நாட்கள்தான், ஒரே ஒரு போட்டிதான். வீரர்களை மூன்றாம் தரப்பினர் உடைமையாக வைத்திருப்பதைத் தடுக்கும் விதியைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று அவர் பேசியதை, வணிகர்கள்போல் வந்த பத்திரிகையாளர்கள் 2016இல் பதிவு செய்து வெளியிட்டார்கள். அவர்மீது குற்றவழக்கு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பதவி மட்டும் போய்விட்டது.

உங்கள் முதல் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முகாமையாளர் ஒவ்வொரு வாரமும் பதில் சொல்கிறார். போட்டி முடிந்ததும் ஒலிவாங்கி முன்னால் உட்காருகிறார். ஐந்து போட்டிகள் தோற்றால் வீட்டுக்குப் போகிறார். அவருடைய முகம் நமக்குத் தெரியும்; அதனால்தான் நம் கோபமும் அவர்மீதே பாய்கிறது. இன்று பெரிய கழகங்களில் வீரர்களை வாங்குவதும் விற்பதும் விளையாட்டுப் பணிப்பாளர்களின் மேசைக்குப் போய்விட்டன. முகவர்களுக்குக் கழகங்கள் கொடுத்த தொகையை இங்கிலாந்துச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024 பெப்ரவரியோடு முடிந்த ஓர் ஆண்டில் பிரீமியர் லீக் கழகங்கள் மட்டும் 40 கோடி பவுணுக்கு மேல் கொடுத்திருந்தன. தொகை மலைக்க வைக்கிறது என்றாலும் அது அச்சில் இருக்கிறது. எவரும் எடுத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

மத்தியஸ்தராக இருந்தவன் என்பதால் இத்தாலியில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2006இல் வெளிவந்த அந்த விவகாரத்தில், யுவென்டஸ் கழகத்தின் பொது முகாமையாளர் லூச்சானோ மொஜி, எந்தப் போட்டிக்கு எந்த மத்தியஸ்தர் என்று நியமிப்பவர்களோடு பேசிய தொலைபேசி உரையாடல்கள் அம்பலமாயின. யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2004-05, 2005-06 பட்டங்களும் பறிபோயின. மத்தியஸ்தருக்குப் பணம் கொடுத்தார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். என் மனதில் நின்றது நியமனப் பட்டியல்தான். தனக்குப் பிடித்தவரை நியமிக்க வைக்க முடிந்தவனுக்கு இலஞ்சம் கொடுக்கும் தேவையே பல நேரம் வராது. அடுத்த இறுதிப் போட்டி யாருக்குக் கிடைக்கும் என்பது மத்தியஸ்தருக்குத் தெரியும். சின்னச் சுற்றுப்போட்டிகளிலும் இதையே பார்த்திருக்கிறேன்: "அந்தக் கழகத்தின் ஆட்டத்துக்கு இவரைப் போடுங்கள்" என்ற ஒரு சொல் போதும். இத்தாலியில் இதைக் கண்டுபிடித்தது உதைபந்தாட்டச் சங்கம் இல்லை, தொலைபேசிகளை ஒட்டுக்கேட்ட அரச வழக்குத்தொடுநர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

இனி உங்கள் இரண்டாவது நண்பரின் பக்கம்.

2011 மே மாதம், கரிபியன் நாடுகளின் உதைபந்தாட்டச் சங்கத் தலைவர்கள் ட்ரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். பீபா தலைவர் தேர்தலில் அப்போதைய தலைவர் செப் பிளாட்டரை எதிர்த்து நின்றவர் ஆசியக் கூட்டமைப்பின் தலைவர், கட்டார் நாட்டவரான மொஹமட் பின் ஹம்மாம். அவர் ஆதரவு கேட்டுப் பேசிய பிறகு, பிரதிநிதிகள் ஓர் அறைக்கு அழைக்கப்பட்டுக் கடித உறைகள் கொடுக்கப்பட்டன. பஹாமாஸ் சங்கத்தின் உப தலைவர் ஃபிரெட் லன் தன் உறையைத் திறந்தபோது உள்ளே 40,000 டொலர், நூறு டொலர்த் தாள்களாக இருந்தது. அவர் அதைப் படமெடுத்தார். தன் சங்கத் தலைவருக்கு அறிவித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பஹாமாஸின் மக்கள்தொகை எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைவிடக் குறைவு. ஆனால் பீபாவில் ஜேர்மனிக்கும் ஒரு வாக்கு, பிரேசிலுக்கும் ஒரு வாக்கு, பஹாமாஸுக்கும் ஒரு வாக்கு, இலங்கைக்கும் ஒரு வாக்கு. மொத்தம் 211. பெரிய நாடு சிறிய நாட்டை மிதிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வாக்கை வாங்க நினைப்பவர் எங்கே போவார்? எந்தச் சங்கத்துக்கு ஒரு புல்வெளியும் ஓர் அலுவலகக் கட்டடமும் பெரிய விடயமோ அங்கே போவார். கடித உறை பிடிபட்டுவிடும்; அபிவிருத்தி நிதி என்ற பெயரில் முறைப்படி வருவது பிடிபடாது, பிடிபடத் தேவையுமில்லை. 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வோர் உறுப்புச் சங்கமும் பீபாவிடமிருந்து 80 இலட்சம் டொலர் வரை பெறலாம். மைதானமும் பயிற்சியும் இல்லாத நாடுகளுக்கு இந்தப் பணம் உயிர் என்பதை நான் மறுக்கவில்லை. கொடுப்பவர்களே வாக்குக் கேட்டு வருகிறார்கள், பெறுபவர்களே வாக்களிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஹோட்டல் உறைகளுக்காகப் பின் ஹம்மாமுக்கு விதிக்கப்பட்ட வாழ்நாள் தடையை, விளையாட்டுக்கான சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றம் 2012இல் சான்று போதாது என்று நீக்கியது. அவர் நிரபராதி என்று அது சொல்லவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் ஆசியக் கூட்டமைப்பு விவகாரங்களுக்காக மீண்டும் வாழ்நாள் தடை வந்தது. அந்த உறை விவகாரத்தைப் பீபாவிடம் கொண்டுபோன அமெரிக்கர் சக் பிளேசரின் கதை இன்னும் கசப்பானது. வட, மத்திய அமெரிக்க, கரிபியன் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக இருந்த அவர் தாமே பல ஆண்டுகளாக இலஞ்சம் வாங்கியவர். வருமான வரி கட்டாத வழியில் அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கி, பிறகு அவர்களுக்கு உளவாளியாகி, சக அதிகாரிகளின் பேச்சை இரகசியமாகப் பதிவு செய்து கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 2015 மே 27ஆம் திகதி விடியற்காலையில் சூரிச் ஹோட்டல் ஒன்றில் சுவிஸ் பொலிஸார் ஏழு உதைபந்தாட்ட அதிகாரிகளைக் கைது செய்தார்கள். அமெரிக்கக் குற்றப்பத்திரத்தில் 14 பேர் இருந்தனர். 24 ஆண்டுகளில் 15 கோடி டொலருக்கு மேல் இலஞ்சம் கைமாறியதாக அது சொன்னது.

அந்தக் கைதுகள் நடந்து இரண்டு நாட்களில் பீபா மாநாடு பிளாட்டரை ஐந்தாவது முறையாகத் தலைவராகத் தெரிவு செய்தது. என்னை இன்றும் உலுக்குவது அந்த வாக்கெடுப்புத்தான். சகாக்கள் கைதாகிப் போன அதே நகரில் உட்கார்ந்து அந்தப் பிரதிநிதிகள் மீண்டும் அவருக்கே வாக்களித்தார்கள். நான்கு நாள் கழித்து அவர் விலகப்போவதாக அறிவித்தார். உள்ளிருந்த வாக்குகள் அதைச் செய்யவில்லை, வெளியிலிருந்த வழக்குகள் செய்தன. 2011இல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த மிஷேல் பிளாட்டினிக்குக் கொடுக்கப்பட்ட 20 இலட்சம் சுவிஸ் பிராங்குக்காக இருவரும் பீபாவின் நன்னெறிக் குழுவால் தடை செய்யப்பட்டார்கள் என்பதும், அதே பணம் பற்றிய குற்றவழக்கில் 2022இலும் மேன்முறையீட்டில் 2025இலும் சுவிஸ் நீதிமன்றங்கள் இருவரையும் விடுதலை செய்தன என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை. ஊழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தீர்ப்புகளைப் பாதியில் நிறுத்திச் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு சீர்திருத்தம் வந்தது. ஒருவர் மூன்று தவணைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்று விதி செய்தார்கள். 2016இல் வந்த ஜியானி இன்ஃபன்டினோ 2019இலும் 2023இலும் எதிர்ப்பின்றி, வாக்குச்சீட்டு இல்லாமல், கைதட்டலால் தெரிவானார். முதல் மூன்று ஆண்டுகள் முழுத் தவணை ஆகாது என்று பீபா பேரவை விளக்கம் கொடுத்துவிட்டதால் 2031 வரை அவர் இருக்க வழி இருக்கிறது. பிளாட்டரையும் பிளாட்டினியையும் தடை செய்த நன்னெறிக் குழுவின் இரு தலைவர்களும் 2017இல் மறு நியமனம் பெறவில்லை. விசாரணையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 2034 உலகக் கிண்ணம் சவூதி அரேபியாவுக்கு என்று 2024 டிசெம்பரில் இணைய வழி மாநாட்டில் முடிவானபோதும் உறுப்பினர்கள் கெமராவுக்கு முன் கைதட்டியே நிறைவேற்றினார்கள். சவூதிக்குக் கொடுத்தது சரியா பிழையா என்று வாதிட நான் வரவில்லை. வாக்கை எண்ணாமல் கைதட்டலை ஏற்றுக்கொண்டால், எந்தச் சங்கம் என்ன நிலை எடுத்தது என்று அதன் சொந்த நாட்டு ரசிகர்கள் நாளைக்குக் கேட்க முடியாது. அதுதான் என் ஆட்சேபம்.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். 2011 முதல் பீபா நிறைவேற்றுக் குழுவில் இருந்தவர், இலங்கை உதைபந்தாட்டத்தில் நீண்ட காலம் செல்வாக்குச் செலுத்திய மணிலால் பெர்னாண்டோ. நன்னெறிக் கோவையை மீறியதற்காக 2013 ஏப்ரலில் பீபா அவருக்கு எட்டு ஆண்டுத் தடை விதித்தது; மேன்முறையீட்டில் அது வாழ்நாள் தடையாக்கப்பட்டது; நடுத்தீர்ப்பு மன்றமும் அதை உறுதி செய்தது. இங்கேயும் பாருங்கள், முடிவு வெளியிலிருந்து வந்தது. அவருக்கு வாக்களித்து மேலே அனுப்பிய இந்த நாட்டின் லீக்குகளிலிருந்து வரவில்லை.

அடுத்தது 2023. ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத் தேர்தல் நடந்த சில நாட்களிலேயே, வெளியார் தலையீடு என்று காரணம் காட்டிப் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை இறுதிப் போட்டியில் வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு, தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த காலத்தில், விளையாடி மேலே வரும் வாய்ப்பையும் இழந்தது. எந்த வீரர் என்ன பிழை செய்தார்? நிர்வாகிகளும் அரசியலும் மோதியதற்குத் தண்டனை அனுபவித்தவர்கள் 22 வயதுப் பையன்கள். ஒரு வீரனின் கால் ஏழு மாதம் காத்திருக்காது, தம்பி.

இந்த இடத்தில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன். ஒரு பக்கம், அமைச்சர் புகுந்து எல்லோரையும் துரத்தட்டும் என்கிறது. மறுபக்கம், அரசு தொட்டால் பீபா தடை செய்யும், ஆகவே யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிறது. இரண்டும் தவறு என்பது என் உறுதியான கருத்து. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டு அமைச்சருக்கு மிகுந்த அதிகாரம் கொடுக்கிறது. வெளிநாடு செல்லும் தேசிய அணிக்குக்கூட அவருடைய அனுமதி தேவை. அந்த அதிகாரத்தால் நிர்வாகிகளை இறக்குவதும் ஏற்றுவதும் இன்னொரு வகைப் பிடிமானம். ஒரு கூட்டத்தின் கையிலிருந்து இன்னொரு கூட்டத்தின் கைக்குப் பெட்டி மாறும், அவ்வளவுதான். ஆனால் தலையீட்டுக்கு எதிரான பீபா விதி திருட்டுக்குக் காவல் இல்லை. பீபாவின் சொந்த ஊரிலேயே சுவிஸ் பொலிஸார் ஹோட்டல் கதவைத் தட்டினார்கள். அதற்காகச் சுவிஸ் சங்கம் இடைநிறுத்தப்படவில்லை. போலி ஆவணம், பணக் கையாடல் போன்ற குற்றங்களுக்கு முறைப்பாடு செய்ய எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. போட்டி முடிவை விலைபேசுவது, 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நாட்டில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அது கிரிக்கெட்டுக்கு மட்டும் எழுதிய சட்டம் இல்லை. "தடை வந்துவிடும்" என்று சொல்லி உங்களை அடக்க வருபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி என் சொந்தக் கதை. இடத்தையும் ஆண்டையும் அமைப்பையும் தவிர்த்துச் சொல்கிறேன். பதினேழு வயதுக்குட்பட்ட அணியொன்றைக் கொழும்புக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. இரவு ரயில். பதினாறு பையன்களில் பாதிப்பேர் நடைபாதையில் சப்பாத்துப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். காலையில் ஆளுக்கொரு பணிஸும் வாழைப்பழமும். விளையாடினார்கள், தோற்றார்கள், அதே ரயிலில் திரும்பினோம். புறப்படுமுன் ஒரு படிவத்தில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். தொகைக்கான கட்டம் அப்போது வெறுமையாக இருந்தது. பின்னர் ஒருநாள் அதே படிவத்தை நிரப்பிய நிலையில் பார்த்தேன். ஒவ்வொரு பையனும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் நாட்படி பெற்றதாக அதில் இருந்தது. அவர்கள் கண்ணால் காணாத பணம். கீழே, பொறுப்பாசிரியர் உறுதிப்படுத்துகிறார் என்ற வரியில் என் கையொப்பம்.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். கணக்கறிக்கை ஏற்கெனவே கரகோஷத்தோடு நிறைவேறிவிட்டது என்றார்கள். நிறைவேறியபோது நானும் மண்டபத்தில்தான் இருந்தேன். அறிக்கையின் பிரதி யாரிடமும் இல்லை; ஒருவர் வேகமாக வாசித்தார், முன்வரிசை தட்டியது, பின்வரிசையும் தட்டியது. நானும் தட்டியிருந்தேன். சூரிச் மாநாட்டுப் பிரதிநிதிகளைப் பற்றிக் கோபமாகப் பேசும்போதெல்லாம் அந்த மண்டபம் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் பதினாறு பேரில் ஒருவன் இன்று ஆட்டோ ஓட்டுகிறான். வழியில் கண்டால் மரியாதையோடு நிறுத்துவான். அவனிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் ஊர்க் கழகத்தில் பொருளாளரானபோது ஒன்றை மட்டும் விடாமல் செய்தேன். சுற்றுப்போட்டி முடிந்த மூன்றாம் நாள், நுழைவு டிக்கெட் வரவு, கடைக்காரர்களின் நன்கொடை, பந்து, வலை, சுண்ணாம்பு, மத்தியஸ்தர் கொடுப்பனவு, ஒலிபெருக்கி வாடகை என்று ஒவ்வொன்றையும் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினேன். பற்றுச்சீட்டுகளைக் கோப்பில் போட்டு மேசையில் வைத்தேன். சக நிர்வாகிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம்மை நாமே சந்தேகிப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். ஒட்டிய இரண்டாம் நாள் ஒரு மீனவர் வந்து, ஒலிபெருக்கி வாடகை ஒரே திகதிக்கு இரண்டு முறை இருக்கிறதே என்று கேட்டார். பார்த்தால் உண்மை, என் பிழை. திருத்தி எழுதினேன். அடுத்த ஆண்டு அவரே முதலாவதாக நன்கொடை தந்தார்.

அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. கரைவலை இழுத்து முடிந்ததும் மீனை மணலில் கொட்டி, எல்லோர் கண்முன்னும் விலை பேசி, பங்கு பிரிக்கும் கரை இது. கோயில் வண்ணக்கரிடம் திருவிழாக் கணக்கைக் கேட்கவும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம் வரவுசெலவு கேட்கவும் கல்லாற்றிலிருந்து அக்கரைப்பற்று வரை யாரும் தயங்குவதில்லை. உதைபந்தாட்டம் என்று வந்தவுடன் மட்டும் ஏன் வாய் அடைத்துப் போகிறது? விளையாட்டுத்தானே, நாலு பிள்ளைகள் நல்ல வழியில் போகட்டும், கேள்வி கேட்டு இருப்பதையும் கெடுக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். அந்த நல்லெண்ணத்தின் மறைவில்தான் அந்தப் படிவங்கள் நிரப்பப்படுகின்றன.

ரசிகர்களால் முடியுமா என்று கேட்டீர்கள். ஜேர்மனியில் முடிந்தது. அங்கே கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, கழக உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் பெரும்பான்மை வாக்கு அவருக்குப் போகாது. 2023 டிசெம்பரில் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க லீக் முடிவெடுத்தபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வீசியவர்களில் பலர் கழக உறுப்பினர்கள், பொதுக்கூட்டத்தில் வாக்குள்ளவர்கள். தலைவர்கள் பயந்தது பந்துக்கு இல்லை. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கழகங்கள் அறிவித்த தனிச் சுற்றுப்போட்டியான சுப்பர் லீக்கையும் இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கிச் சில நாட்களில் கலைத்தார்கள். ஆனால் அங்கே அவர்களுக்கு வாக்கு இல்லை. அதே உரிமையாளர்கள் அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள். கழகங்களைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஓர் அமைப்பை ஏற்படுத்தும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது.

ஆகவே உங்கள் மூன்றாவது நண்பரிடம் சொல்லுங்கள்: தொலைக்காட்சியில் போட்டி பார்ப்பவர் குற்றவாளி இல்லை. மான்செஸ்டரிலோ மட்ரிட்டிலோ அவருக்கு வாக்கும் இல்லை, கணக்கைப் பார்க்கும் உரிமையும் இல்லை. ஆனால் உங்களில் நான்கு பேராவது ஏதோ ஒரு கழகத்தின் உறுப்பினராக இருப்பீர்கள். கழகம் மாவட்ட லீக்கில் வாக்களிக்கிறது. லீக்கின் பிரதிநிதி கொழும்பில் சம்மேளனத் தலைவரைத் தெரிவு செய்கிறார். சம்மேளனத்தின் கையில்தான் 211இல் ஒரு வாக்கு இருக்கிறது. கல்லடிக்கும் சூரிச்சுக்கும் இடையில் இவ்வளவு படிகள்தான். கீழ்ப்படியில் நிற்பது நீங்கள்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமில்லை. உங்கள் கழகத்தின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, சந்தா கட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். சந்தா நிலுவை உள்ள கழகத்தின் வாக்கைப் பற்றித் தேர்தல் நாளில்தான் பேச்சு எழும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கணக்காய்வு செய்த அறிக்கையின் பிரதியைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் அது கைக்கு வரவில்லையென்றால் நிறைவேற்ற வேண்டாம் என்று ஒருவர் எழுந்து சொல்லட்டும், இன்னொருவர் வழிமொழியட்டும், இரண்டும் கூட்டக்குறிப்பில் எழுதப்படும்வரை உட்கார வேண்டாம். மைதானத்துக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் மாநகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம் வழியாக வந்த அரச பணத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களில் முடிவைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பையன்களிடம் வெறும் கட்டத்தின் கீழ் கையொப்பம் வாங்க யார் வந்தாலும், தொகையை எழுதிவிட்டு வாருங்கள் என்று சொல்லப் பழக்குங்கள்.

வாசிகசாலைச் சுவரில் ஒட்டிய கணக்குகளை ஒரு கொப்பியில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள்; உங்கள் கழகப் பொருளாளரையும் கூட்டி வாருங்கள்.